எந்தக் குதிகாலில்?

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நடந்த பயானில் இமாம் ஹஜ்ரத் புகழ்ந்ததிலிருந்து டயர் கடைக்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம மஹல்லாவுல ஒரு பிள்ளை, படுக்கையில கிடக்குற தாய்க்கு ரெண்டு வருஷமா கித்மத் செய்யுது" என்றாராம். கித்மத் என்றால் பணிவிடை. அதைச் செய்தது யாரென்று கேட்டால் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அவன் மனைவியைத்தான் காட்ட வேண்டும். நோகாமல் நுங்கு தின்பது இதைத்தான்.

புகழை அவனே வைத்துக்கொள்ளட்டும். அவள் உம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து பதினொரு நாள் ஆகிறது. போகட்டுமா என்று கேட்டபோதெல்லாம் "என் உம்மாவை யார் பாத்துக்கிறது?" என்பதே பதில். இன்று அவள் கேட்கவில்லை. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"கிளம்புறேன். பத்து நாள் ஆகும்."

"மாமியாரைப் பாத்துக்கிறது உன் கடமை இல்லையா? மார்க்கம் தெரியாதவ மாதிரி பேசாதே."

"தெரிஞ்சுதான் பேசுறேன். ஹஜ்ரத்கிட்டயே போய்க் கேட்டுட்டேன். நான் செய்றது என் நல்ல மனசு, அதுக்கு நன்மை இருக்கு. ஆனா கடமை பெத்த பிள்ளைகளுக்குத்தானாம். உங்களுக்கும் உங்க அக்காவுக்கும். குளிப்பாட்ட அக்காவை வரச் சொல்லியாச்சு."

அவன் முகம் சுருங்கியது. "இங்க யார் செய்றாங்கன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"கேட்டார். சொன்னேன்."

"தாயோட காலடியில சொர்க்கம்னு..."

"ஆமா. உங்க சொர்க்கத்துக்கு ரெண்டு வருஷமா நான்தான் எண்ணெய் தடவுறேன். என் சொர்க்கம் அங்க ஆளில்லாமக் கிடக்குது. சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மாமிக்கு எந்தக் குதிகால்ல புண்ணு?"

டயரில் ஊசிமுனை ஓட்டையைக்கூட விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவன் திருதிருவென்று முழித்தான்.

"வலது."

கட்டிலில் கிடந்த மாமி சிரித்துவிட்டார். "இடதுடா. இருக்கறதே ரெண்டு காலு, அதுலயும் தப்பா சொல்றியே."

அவமானம் அவனுக்குக் கோபமாகத்தான் வந்தது. "இப்பப் போனா அப்படியே அங்கயே இருந்துக்கோ!"

 அவள் குரலை இறக்கவில்லை. "இருக்கச் சொன்னா இருந்துக்கிறேன். ஆனா சாயங்காலம் மருந்து போடாட்டி, உங்க கோபத்துக்குப் பயந்து புண்ணு ஆறிடாது." களிம்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இவ இல்லாம எனக்குக் கஷ்டம்தான்" என்றார் மாமி மகனிடம். "ஆனா இவளைப் பெத்தவளும் என்னை மாதிரிதானே கிடப்பா? வாசலை மறிக்காதே. நீ போயிட்டு வா புள்ள."

அவன் விலகினான். களிம்பும் கையுமாகக் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தான்.

"மெதுவாடா, இது டயர் இல்ல!" என்று மாமி அலறியது வாசல்வரை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். தெருமுனையில்தான் அது உறைத்தது. தன் உம்மாவுக்கு விழுந்தது எந்தப் பக்கம் என்று அவளுக்கே இன்னும் தெரியாது.