பல்வலி என்றே எழுதுங்கள்

"தம்பி, அவங்க போற வரைக்கும் நீங்க பின்பக்கமே இருங்க. தண்ணி வேணும்னாலும் கூப்பிடாதீங்க."

கேத்தரின் கஞ்சிக் கோப்பையைச் சமையற்கட்டுக்கு வெளியே, விறகு அடுக்கியிருந்த மூலையில் வைத்துவிட்டுச் சொன்னாள். தகரக் கோப்பை. கொழுந்தன் மாரிஸ் சிறையிலிருந்து திரும்பிய அன்று வாங்கியது. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

மாரிஸ் தலையசைத்தான். முப்பத்திரண்டு வயதுதான். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை, மிச்சமும் ஆடிக்கொண்டிருந்தன. ஈறு வீங்கி எந்நேரமும் ரத்தம் கசிந்தது. இரண்டாம் நாள் அவன் ஏதோ பேசப்போக, அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அதன்பிறகு அவன் பேசுவதையே விட்டுவிட்டான்.

அண்ணன் பேசில் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. மேரு ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் களையெடுக்கும் பெண்ணைப் பிரம்பால் அடித்த கங்காணியை மாரிஸ் பிடித்துத் தள்ளினான். கங்காணியின் கை முறிந்தது. மாரிஸுக்கு ஒன்றரை வருஷம் சிறை கிடைத்தது. தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்வதாகப் பேசில் மாதா கோயிலிலும் தெருவிலும் சொல்லி வைத்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு கடிதம்கூட அவர் போடவில்லை.

இன்று அவருடைய மகள் மகதலேனாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஜெயராஜின் சிரிப்பு பின்கட்டு வரை கேட்டது. மாரிஸ் கஞ்சியைப் பல்லில் படாமல் நாக்கிலேயே வைத்து விழுங்கினான்.

அப்போது வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

"மாரிஸுன்னு ஒருத்தரு இங்க இருக்காரா? நான் கிள்ளான்லேர்ந்து வரேன். என் பேரு ரம்லத். அய்யூபோட பொஞ்சாதி."

"தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்மா," என்றார் பேசில்.

"ஜெயில்லேர்ந்து வந்த ஒருத்தருதான் இந்த வீட்டு அடையாளம் சொன்னாரு. கடைசி வரைக்கும் எங்க வூட்டுக்காரரப் பாத்துக்கிட்டது மாரிஸ் அண்ணன்தானாம். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடறேன்."

"ஜெயிலா?" என்றார் ஜெயராஜ்.

"வீடு மாறி வந்துட்டா போல," என்று கேத்தரின் கதவைச் சாத்தப் போனாள்.

மாரிஸ் எழுந்தான். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் போய்விடுவாள்; கல்யாணம் நிச்சயமாகிவிடும்; அவனுக்கும் இந்த விறகு மூலை நிலைக்கும். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சமையற்கட்டைக் கடந்து முன்னறைக்கு வந்து நின்றான்.

"நான்தாம்மா மாரிஸ்."

"டேய், உள்ள போடா!" என்றார் பேசில்.

அவன் போகவில்லை. ரம்லத்துக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. வெள்ளைச் சேலை முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"காய்ச்சல்ல மவுத்தாயிட்டாருன்னு சொல்லி அனுப்புனாங்க. முகத்தக்கூடக் காட்டல. நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிச்சு இப்பத்தான் வெளிய வரேன். நெசமாவே காய்ச்சலாண்ணே?"

"இல்லம்மா. பல்லு."

அவளுக்குப் புரியவில்லை. மாரிஸ் சொன்னான். பல் இல்லாத இடத்தில் காற்று புகுந்து வார்த்தைகள் குழறின; அவன் நிறுத்தவில்லை.

"பல்லு விளக்க அங்க ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. அடுப்புக்கரித் துண்டு ஒண்ண இடுப்புல ஒளிச்சு வெச்சேன். வார்டர் பாத்துட்டான். ஏழு நாள் தனி ரூம்பு. அய்யூப் பாய்க்குக் கடவாப்பல்லு சொத்தையாயி, தாடையில சீழ் கட்டிடுச்சு. கண்ணு வரைக்கும் வீக்கம். மருந்து குடுக்கற டிரெஸ்ஸர்கிட்ட காட்டினாரு. 'பல்லு வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? வேலைக்குக் கள்ளம் பண்றான்'னு சொல்லி, கல்லு உடைக்க அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் வலின்னு சொல்லல. மூணாம் நாள் அவரு வாயே தொறக்கல. துணிய நனச்சு உதட்டு ஓரத்துல கஞ்சித் தண்ணியப் பிழிஞ்சேன். ஆறாம் நாள் விடியக்காலம்..."

ரம்லத் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

"வாய் தொறக்க முடியலயேம்மா. என் கைய மட்டும் பிடிச்சிருந்தாரு."

ஜெயராஜ் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சிங்கப்பூருன்னு சொன்னீங்களே மிஸ்டர் பேசில்," என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். மகதலேனா உள்ளேயிருந்து இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை ரம்லத்திடம் கொடுத்தாள். மற்றதைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். கேத்தரின் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எம்மக வாழ்க்கையக் கெடுத்துட்டேல்ல. இனி இந்த வீட்ல உனக்கு இடமில்ல," என்றார் பேசில்.

மறுநாளே மாரிஸ் சாலாக் செலாத்தானில் ஒரு செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தான். சூளைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கஞ்சி காய்ச்சி, தனியே உட்கார்ந்து குடித்தான். கூட வேலை செய்தவர்கள் அவன் வாயைப் பார்த்து, தொற்றுநோய் என்று தள்ளிப் படுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோர்ட்டுக்கு எதிரே கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் மனு எழுதும் தம்புசாமியிடம் அவனும் ரம்லத்தும் போனார்கள்.

"காய்ச்சலுக்கு மருந்து குடுக்கலன்னு எழுதிடலாமே. பல்லு வலியில செத்தான்னா துரைங்க சிரிப்பாங்கய்யா."

"பல்வலின்னே எழுதுங்க," என்றான் மாரிஸ்.

மனுவில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. குடும்பத்துப் பெண்ணின் பெயர் கோர்ட்டு கச்சேரிக் காகிதத்தில் ஏறக்கூடாது என்று ரம்லத்தின் கொழுந்தன்மார் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஜெயில் இலாகாவிலிருந்து பதில் வந்தது. தம்புசாமி ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னார்: மேற்படி ஆண்டில் கைதிகள் எவரும் பல் நோய் பற்றிப் புகார் செய்ததாகப் பதிவேட்டில் இல்லை. கைதிகளின் வாய் நலம் திருப்திகரமாக இருந்ததாகவே இதிலிருந்து தெரிகிறது. ஆகவே விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை.

மாரிஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். காலையில்தான் இன்னொரு பல் விழுந்திருந்தது.

ரம்லத் மேசையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துத் தம்புசாமியின் முன்னால் வைத்தாள். பிறகு, "மறுபடி எழுதுங்கய்யா," என்றாள். "இந்தத் தடவ எம்பேரையும் போடுங்க."

"எத்தன தடவ எழுதினாலும் இதே பதில்தாம்மா வரும். உங்க வீட்டு ஆம்பளைங்க வேற..."

அவள் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். மைப்பெட்டியைத் தானே இழுத்து, பெருவிரலைத் தோய்த்து, இன்னும் ஒரு எழுத்தும் எழுதப்படாத அந்த வெள்ளைக் காகிதத்தின் அடியில் வைத்து அழுத்தினாள். தம்புசாமியின் மேசை ஆடியது.

"இப்ப எழுதுங்க," என்றாள்.