கயிறு பிடித்தவர்

கோயிலுக்காகத் தேவிப்பிரியா செதுக்கும் கல்லில் ஓர் இடம் மட்டும் பாக்கி இருந்தது.

மேலே கடல். நடுவில் வலை. கீழே, இரண்டு கயிறுகளையும் இழுக்கும் ஆட்கள், நமக்கு முதுகைக் காட்டி. தெற்குக் கயிற்றின் கடைசியில் கல் வெறுமனே கிடந்தது. அங்கே யார் வர வேண்டும் என்பதில் தேவிப்பிரியாவுக்குச் சந்தேகமே இல்லை. கோயில் கமிட்டிக்கு இருந்தது.

கமிட்டித் தலைவர் அவளுடைய சித்தப்பா பக்தவச்சலம். அதைச் சொல்லத்தான் மாமல்லபுரத்துப் பட்டறைக்கு வந்திருந்தார்.

"அங்க மாடு வரணும்."

"கடக்கரைல மாடு இன்னா பண்ணுது சித்தப்பா? காத்து வாங்குதா?"

"நக்கல் வாணாம். செல்வராஜ் சார் சொல்றாரு. புத்து, மாடு பால் சொரியுது, ராஜா வந்து பாக்குறாரு. பெரிய கோயில்லாம் அப்டித்தான் கீதாம். கும்பாபிஷேகமே அவரு செலவு."

"நம்ம சாமி அப்டியா வந்துச்சு?"

பதில் பக்தவச்சலத்துக்குத் தெரியும். அவர்களுடைய மீனவக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முன்னொரு காலத்தில் ஒரு நாள், கரையிலிருந்து இழுக்கும் கரைவலையில் தாங்க முடியாத அளவுக்கு மீன் விழுந்தது. தெற்குக் கயிற்றில் ஆள் போதவில்லை. வலை சாய்ந்தது. அப்போது ஒருவன் வந்தான். கோவணம், சடை, உடம்பெல்லாம் உப்போ சாம்பலோ. கயிற்றின் கடைசியைப் பிடித்தான். வலை கரையேறிவிட்டது. பங்கு பிரிக்கையில் அவனிடம், நீ யார், உன் பேர் என்ன, எந்தக் குப்பம் என்று கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. பேர் இல்லாதவனுக்குப் பங்கும் இல்லை என்றார்கள். அவன் சிரித்தான். மணலில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் லிங்கம் இருந்தது. அதன் பிறகு வலையில் தண்ணீர்தான் வந்தது. லிங்கத்தின் முன் ஒரு பங்கை வைத்துக் கும்பிட்ட பிறகே மீன் திரும்பியது.

இன்றும் முதல் பங்கு சாமிக்கு. அதை விற்றுத்தான் விளக்குக்கு எண்ணெய். கயிற்றைத் தொட்ட எவருக்கும் பங்கு உண்டு. அவர் பேரைக் கேட்பதில்லை.

"மாட்ட செதுக்கினா, நாளைக்கு ஒருத்தன் கேப்பான், பால் குடிச்ச சாமிக்கு மீன் பங்கு எதுக்குன்னு. பங்க நிறுத்துவான். அப்பறம் நமக்கும் சாமிக்கும் இன்னா கீது?"

"நீயே அவராண்ட பேசு. ஒத்துக்கலன்னா மாடுதான்."

"சரி. வல இழுக்குற நேரத்துக்கு வரச் சொல்லு."

செல்வராஜுக்கு முட்டுக்காட்டில் ஓட்டல். வெள்ளிக்கிழமை காலை வெள்ளைச் சட்டையில் வந்து, மணலில் நின்று, மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்றும் இருந்தால் நல்லது என்றார்.

நீரோட்டம் மாறியது. தெற்குக் கயிறு தளர்ந்தது.

"ஆளு வா! ஆளு வா!"

தேவிப்பிரியா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். வலை கரையேறும்போது கை கட்டி நிற்க யாராலும் முடியாது. அது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் கயிறு இறுகியது. யாரோ புஸ் புஸ் என்று மூச்சு வாங்குவது கேட்டது.

வலையின் மடி நிறைய நெத்திலி. பக்தவச்சலம் பங்கு பிரித்தார். முதல் குவியல் சாமிக்கு. அடுத்ததைச் செல்வராஜுக்குக் காட்டினார்.

"சார், உங்க பங்கு."

"எனக்கு எதுக்குங்க?"

"கயிறு புடிச்சீங்கல்ல."

பக்கத்துக் குப்பத்துச் சடையப்பன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு அண்ணாத்த இவுரு? பேரு இன்னா?"

"கேக்காத!" என்றார் பக்தவச்சலம்.

யோசிக்கும் முன் வாய் சொல்லிவிட்டது. மீன் ஒட்டிய கையோடு அப்படியே நின்றார்.

"ஏன் கேக்கக் கூடாது?" என்றார் செல்வராஜ்.

பக்தவச்சலம் உதவி கேட்பதுபோல் தேவிப்பிரியாவைப் பார்த்தார். அவள் நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவரே சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் இழுத்து இழுத்துச் சொன்னார். வலை சாயும் இடம் வந்ததும் கைகள் தாமாக உயர்ந்தன. மணலில் உட்கார்ந்தே காட்டினார்.

செல்வராஜின் உள்ளங்கைகள் கன்றிப்போயிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கதைய வச்சிக்கினு, மாடுன்னு சொன்னது யாரு?"

"நீங்கதான் சார்" என்றார் பக்தவச்சலம்.

கரையே சிரித்தது. அவரும்.

"ஆளையே வை. ஆனா மூஞ்சி நல்லாத் தெரியணும். சாமின்னு தெரியணும்."

"மூஞ்சி வராது சார். கயிறு புடிக்கிறவரு கடலத்தான் பாப்பாரு" என்றாள் தேவிப்பிரியா.

அன்றே பட்டறைக்குப் போய் உளியை எடுத்தாள். இன்னொரு முதுகு. மற்ற முதுகுகளைப் போலவே வளைந்தது. சடையும் வைக்கவில்லை.

கும்பாபிஷேகத்தன்று செல்வராஜ் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்கள் கயிற்றோடு போய் வந்தன. பக்கத்தில் நின்ற பக்தவச்சலத்திடம், இதில் சாமி யார் என்று கேட்க வாயெடுத்தார்.

கேட்கவில்லை.