பெ அடித்தால் பொழிச்சலூர்

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒரு தப்பு செய்தேன். பொழிச்சலூருக்கு ஏற்கெனவே ஃபோல்டர் இருக்கிறது. கவனிக்காமல் இன்னொன்று உருவாக்கிவிட்டேன். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்கக் கம்ப்யூட்டர் விடாது என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் விட்டுவிட்டது. அப்படியானால் நான்தான் எழுத்துப் பிழை செய்திருக்க வேண்டும். மூன்று முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதால் பிழை இல்லை என்று ஆகிவிடாது.

இப்படி எழுதி வைத்துவிட்டுத் தூங்கிய ஜெரூஷாவுக்கு மறுநாள் முழுக்க அதே நினைப்புதான். அவள் சேலையூரில் ஒரு பார்சல் அலுவலகத்தின் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். பார்சலைக் கொடுத்ததும் டெலிவரி ஆட்கள் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவார்கள். குவிந்து கிடந்த அந்தப் போட்டோக்களை ஊர்வாரியாகப் பிரித்து வைக்கிறேன் என்று அவளாகவே முன்வந்திருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் மாலை வகுப்பில் படிக்கும், கட்டளைகளை அடித்துக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் கொடுத்த தைரியம் அது. முதலாளியம்மா ரத்தினபாய் கறாராகச் சொல்லிவிட்டார்: "வியாழக்கெழம நான் கேக்குற ஊரு போட்டோவ என் எதிர்ல எடுத்துக் காட்டு. டக்குனு வந்துச்சுன்னா உள்ள கீற கம்ப்யூட்டர் சீட் உனக்கு. தடவிகினு இருந்தின்னா கவுன்ட்டர்தான்."

டக்கென்று வருவதற்குத்தான் டேப் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தை அடித்து டேப் பொத்தானைத் தட்டினால் மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். 'தா' என்றால் தாம்பரம், 'மே' என்றால் மேடவாக்கம். ஆனால் 'கோ' என்று அடித்தால் கோவிலம்பாக்கம் வரவில்லை. 'சோ' என்றால் சோழிங்கநல்லூர் வரவில்லை. டிங் என்று ஒரு சத்தம் மட்டும்.

புதன்கிழமை வகுப்பில், அலுவலகப் போட்டோக்களின் நகலைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்தாள். இடம் மாறி உட்கார்ந்து வேறு கீபோர்டிலும் தட்டினாள்.

"அந்த டேப் கீ என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்த ஸ்ரீவித்யா.

"என் விரல்தான் சரியா அடிக்கலையோ என்னவோ."

"உன் விரல் தாம்பரத்துக்கு மட்டும் சரியா அடிக்குமா?"

பாடம் நடத்தும் கேஷவ் எட்டிப் பார்த்தார். "பேரையெல்லாம் இங்கிலீஷ்ல மாத்திடுங்க. பிரச்சினையே இருக்காது."

"தாம்பரத்துக்கு எச் உண்டா இல்லையா சார்?" ஸ்ரீவித்யா விடவில்லை. "பொழிச்சலூர் 'ழ'வுக்கு 'எல்'லா, 'இசட் எச்'சா? அதுல ஆளுக்கு ஒண்ணு போடுவாங்களே."

கேஷவ் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஜெரூஷா எல்லா ஊரையும் வரிசையாகச் சோதித்தாள். அடுத்தது பெருங்களத்தூர். 'பெ' அடித்து, பொருந்தும் பெயரெல்லாம் வரட்டும் என்று டேப்பை இரண்டு தடவை தட்டினாள். திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன.

பெருங்களத்தூர். பொழிச்சலூர்.

'பெ' என்று அடித்தால் பொழிச்சலூர் ஏன் வருகிறது? தப்பாக அடித்துவிட்டோமோ என்று அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே இரண்டு.

"வித்யா! இங்க பாரேன்! 'பெ'வுக்குப் பொழிச்சலூர் வருது!"

"ஏய், கத்தாத. வரட்டுமே."

"வரக்கூடாதுடி! 'பொ'வுக்குத்தானே வரணும்! இரு, 'பொ' எப்படி எழுதுவோம்? முன்னால ஒத்தைக்கொம்பு, நடுவுல 'ப', பின்னால துணைக்கால். காலை எடுத்துட்டா?"

"பெ," என்ற ஸ்ரீவித்யா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வராத ஊர்களைப் பார்த்தாள் ஜெரூஷா. கோவிலம்பாக்கம், சோழிங்கநல்லூர், போரூர். எல்லாவற்றிலும் முன்னால் கொம்பு, பின்னால் கால். தாம்பரத்தில் கால் மட்டும், மேடவாக்கத்தில் கொம்பு மட்டும். இரண்டு பொழிச்சலூரின் நீளத்தையும் கம்ப்யூட்டரையே எண்ணச் சொன்னாள். எழுத்தோடு சேரும் குறிகளையும் தனித்தனியாக எண்ணி, அவள் உருவாக்கியதற்குப் பதினொன்று என்றது. பழையதற்குப் பன்னிரண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அவை வேறு வேறு. அவள் எழுத்துப் பிழை எதுவும் செய்திருக்கவில்லை.

பழைய ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்தவர் அலுவலகத்தின் ஏசுபாதம் அண்ணன். உடனே அவரைப் போனில் பிடித்தாள்.

"அண்ணா, 'பொ' எப்படி டைப் பண்ணுவீங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? கொம்பு, 'ப', கால். டைப்ரைட்டிங் கிளாஸ்ல அப்படித்தானே கத்துக் குடுத்தாங்க. நம்ம பழைய சாஃப்ட்வேர்லயும் கொம்பு தனி, கால் தனிதான்."

"நான் அடிக்கிறதுல ரெண்டும் சேர்ந்து ஒரே குறிண்ணா!"

"சரி, சேர்ந்தே இருக்கட்டும். அதுக்கு ஏம்மா இப்படிச் சந்தோஷப்படற?"

பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்க ஒரு கட்டளை இருக்கிறது என்று கேஷவ் தேடிக் கொடுத்தார். இப்போது அவரும் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். இரட்டையாக இருந்த பொழிச்சலூரை முதலில் ஒன்றாக்கிவிட்டு, நகலில் அந்தக் கட்டளையை ஓட்டினாள். 'கோ', டேப். கோவிலம்பாக்கம்! 'சோ', டேப். சோழிங்கநல்லூர்! ஸ்ரீவித்யா மேசையில் தாளம் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரத்தினபாய் அழைத்தார். குரல் சூடாக இருந்தது. "கோவிலம்பாக்கத்துலேர்ந்து ஒருத்தர் போன்ல கத்திகினு இருக்காரு. நேத்து பார்சல் வரவே இல்லையாம். டெலிவரி பையன் குப்புராஜு குடுத்துட்டேன்றான். ஒரே பேஜாரா கீது. போட்டோ எங்கம்மா?"

"லைன்லயே இருங்கக்கா."

'கோ', டேப், நேற்றைய தேதி. ஒரு மாடி வீட்டு வாசலில் பார்சலை வாங்கிக்கொண்டு நிற்கும் பெண்மணி. ஜெரூஷா அனுப்பினாள்.

போட்டோவைத் திறந்து பார்த்ததும் ரத்தினபாய் சிரித்தார். "அவரு சம்சாரமேதான், எனக்குத் தெரிஞ்ச மொகம்! வாங்கி வெச்சுட்டு வூட்டுக்காரர்கிட்ட சொல்லல போலக் கீது. அதுக்குள்ள எப்படிம்மா எடுத்த? நாளைக்குக் காட்டறதெல்லாம் ஒண்ணும் வேணாம். காலைல நேரா உள்ள போய் உக்காரு."

"சரிக்கா," என்றாள் ஜெரூஷா. ஸ்ரீவித்யா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

ஆனாலும் பட்டியலை முடிக்காமல் எழுந்திருக்க மனம் வரவில்லை. கடைசியாக ஒரு ஊர் பாக்கி இருந்தது. 'கௌ', டேப். டிங்.

"அய்யோ, கௌரிவாக்கம் வரல."

ஸ்ரீவித்யா திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இதுல கொம்பு கால் கதையே இல்லடி. உங்க அண்ணன் 'கெ' போட்டுப் பக்கத்துல 'ள' போட்டிருக்காரு. இது கெ-ள-ரிவாக்கம்! எந்தக் கட்டளையும் இதைத் திருத்தாது."

இரண்டு பேரும் கேஷவ் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தார்கள். வீட்டுக்குப் போனதும் ஜெரூஷா எழுதினாள்:

ஜூலை 9, புதன்

சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சோதித்தது நகலில் மட்டும். நாளை அலுவலகக் கம்ப்யூட்டரில் முதலில் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். இரண்டு பொழிச்சலூரில் இருப்பதையும் ஒன்றாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டளை. கௌரிவாக்கத்தை மட்டும் கையால் மாற்ற வேண்டும்.