பம்ப்ஹவுஸ் சங்கீதம்

பாட்டு ஓடி முடிந்ததும் மகா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்த மனுஷனை நான் கண்ணைத் திறந்துகொண்டுதானே கட்டினேன் என்று நினைத்தாள். பாட்டு என்று ஒச்சப்பன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நகரசபை பம்ப்ஹவுஸில் வேலை அவனுக்கு. அங்கே ஜெனரேட்டர் உறுமுவதைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலே டங்கு டங்கென்று ஒரு தாளத்தைப் போட்டிருந்தான். தாளம் கிழக்கே போனது, ஜெனரேட்டர் மேற்கே போனது. நடுவில் கேட்கிறவள் கதிதான் அதோகதி.

விஷயம் இதுதான். மட்டாஞ்சேரியில் அவள் வேலை பார்க்கும் சீடி கடைக்கு, ஃபோர்ட் கொச்சி காபிக்கடை ஒன்றிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் புதிதாகச் செய்கிற கம்ப்யூட்டர் இசையைப் பொறுக்கி ஒரே சீடியாகத் தர வேண்டும். முதலாளி அனீஷ் கையை விரித்துவிட்டான். "எனிக்கு இதொண்ணும் மனசிலாவில்ல சேச்சி. நீங்க கேட்டு எடுத்தா மதி, அது போதும். உங்க காது பொய் சொல்லாது." அந்த ஒரு வார்த்தையில் மகாவுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. களமசேரி ஜிதின் பாட்டில் முழங்கால் தானாக ஆடியது, வாங்கினாள். வைப்பின் தீவில் ஒருத்தி படகுத்துறைச் சத்தத்தை வைத்துச் செய்திருந்ததை மறுபடி போட்டுக் கேட்டாள், வாங்கினாள். சொந்தக்காரன் ஒருவன் அனுப்பியதைத் தயங்காமல் தள்ளினாள். பிறகு கட்டின புருஷன் வந்து நின்றான்.

போட்டால் அவள் காதுக்கு மரியாதை போகும். போடாவிட்டால் வீட்டில் சோறு இறங்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவன் இரண்டு மாதமாக அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் அவள்.

கடைசியில் ஒரு தந்திரம் தோன்றியது. நாம் ஏன் சொல்ல வேண்டும், தெரு சொல்லட்டும். சாயங்காலம் அவனைக் கடைக்கு வரச்சொன்னாள். "வெளிய பெட்டியில போடுறேன். ஜனங்க மூஞ்சியப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

"செரி," என்றான் ஒச்சப்பன், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

அந்த வருஷம் மழை ஏமாற்றியதால் சாயங்காலமானால் அரை மணி நேரம் கரண்டை எடுத்துவிடுவார்கள். இடக்கொச்சியில் அவர்கள் வீட்டுப் பக்கம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய்விடும். கடை இருக்கும் இந்தத் தெருவில் அப்படியில்லை, அது ஒச்சப்பனுக்குத் தெரியாது. முதலில் மார்க்கெட் பக்கம் போகும், அங்கே ஜெனரேட்டர் உறுமும், சற்றுக் கழித்து இங்கே இருட்டும். உறுமல் காதில் விழுந்தாலே கடைக்காரர்கள் மெழுகுதிரியைக் கொளுத்தித் தயாராக வைத்துக்கொள்வார்கள். தினம் பார்க்கிற மகாவுக்கு அந்த நேரம் பார்த்து அது மறந்து போயிற்று. விதி, வேறென்ன.

பாட்டைப் போட்டாள். வாசலில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி உறுமத் தொடங்கியது. முடிவெட்டும் கடையில் கத்திரி நின்றது. மிளகுக்கடைக்காரர் மேசைக்கு அடியில் கைவிட்டு ஒரு மெழுகுதிரியை எடுத்துப் பற்ற வைத்தார். பிறகு மருந்துக்கடை. பிறகு சாயாக்கடையில் கண்ணாடி அலமாரி மேல் இரண்டு. டியூப்லைட்கள் பளீரென்று எரிந்துகொண்டிருக்க, தெருவின் இரு பக்கமும் வரிசையாகச் சுடர்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் அமைதியாக, தலையைச் சற்றே சாய்த்து, அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை என்று மகாவுக்கு உறைத்தபோது, ஒச்சப்பன் அவள் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியாடி. என் பாட்டுக்குத் திரி கொளுத்துறாங்க."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கூடவே, இவனை இப்படி ஒரு சந்தோஷத்தில் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லையே என்றும் தோன்றியது.

"சீடியில உண்டுல்ல?" என்றான்.

பதில் சொல்வதற்குள் அனீஷ் உள்ளிருந்து வந்தான், கையில் அவனும் ஒரு மெழுகுதிரியோடு. "சேச்சி, மார்க்கெட்டில கரண்டு போயோ?"

"போகல அனீஷே," என்றாள் மகா. "இவங்க பாட்டுதான். சீடியில உண்டு."

அனீஷ் மகாவைப் பார்த்தான், ஒச்சப்பனின் முகத்தைப் பார்த்தான், தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டைப் பார்த்தான். திரியை ஊதி அணைக்கப் போன உதட்டை மெல்ல மூடிக்கொண்டு, காற்றில் அணையாதபடி சுடருக்கு இன்னொரு கையை அணைகொடுத்து நின்றான். மெழுகு உருகி விரலில் விழுந்துகொண்டிருந்தது.