வெண்கலம் மேலே, மரம் கீழே

எங்கண்ணன் பேயாண்டி மூஞ்சியில முழிச்சா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது. உள்ளதச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?

எங்கப்பன் செத்த வருசம் பாகம் பிரிச்சோம். நிலம் பாதிப் பாதி, கெணத்துத் தண்ணி ஆளுக்கு ஒருநாள், மாடு ஆளுக்கொண்ணு. கடைசியா மிஞ்சுனது குலசாமிக்கு அடிக்கிற பம்பை. ரெண்டு கொட்ட ஒண்ணு மேல ஒண்ணா வச்சுக் கட்டுனாத்தான் அதுக்குப் பேரு பம்பை. மேல வெண்கலம், கீழ பலாமரம். அத எவனாச்சும் பிரிப்பானா? நாங்க பிரிச்சோம். "பாகம்னா எல்லாந்தான்"னு அண்ணன் கயித்த அறுத்து வெண்கலத்தத் தூக்கிட்டுப் போனான். மரத்த நான் வாங்கிட்டு வந்தேன், கூறுகெட்டவன்.

அதோட கும்பிடு நின்னுபோச்சு. பம்பைச் சத்தம் கேக்காம எங்க கோடாங்கிக்குச் சாமி வராது. சாமி வராமப் பொங்கல் வைக்கக் கூடாது. பன்னெண்டு வருசம் கோயில் வாசல்ல முள்ளு மண்டிக் கெடந்துச்சு.

ரெண்டாயிரத்து ஒண்ணுல பங்காளிக கூடி, வார பங்குனியில கும்பிட்டே ஆகணும்னுட்டாங்க. பம்பை அடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அண்ணன் கையில தாளமே நிக்காது. எங்கப்பன் மாதிரி ஒரு தடவையாச்சும் நான் அடிச்சுச் சாமி எறங்கணும். அம்புட்டுத்தான் எனக்கு ஆசை.

தொழுவத்துல போய்ப் பாத்தா, கொட்டுக்குள்ள கோழி அடையில கெடக்கு. தோலு நார் நாராக் கிழிஞ்சு, அடிமரத்தக் கரையான் அரிச்சிருக்கு. கோழிய விரட்டப் போனேன்.

"குஞ்சு பொரிக்க இன்னும் நாலு நாளுதான். பொறுங்க"ன்னா என் பொண்டாட்டி சீனியம்மாள்.

"சாமி பெருசாடி, கோழி பெருசாடி?"

"பன்னெண்டு வருசமா வராத சாமி நெனப்பு, நாலு நாள்ல எங்க ஓடிப்போகுது?"

குஞ்சு பொரிச்சு எறங்குன பெறகுதான் கொட்டத் தூக்குனேன்.

கப்பலூர் கம்பெனியில ரெண்டு வாரம் லீவு போட்டேன். வேப்பெண்ணெய ஊத்தி ஊத்திக் கரையானக் கொன்னேன். மரத்தூளையும் பசையையும் கொழைச்சு வெடிப்ப அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். மதுரைக்குப் போயி ஆட்டுத்தோல் வாங்கியாந்து ஊறப்போட்டு, மூங்கில் வளையத்துல இழுத்துக் கட்டுனேன். அவசரத்துல வெயில்ல வச்சேன், பொளந்துபோச்சு. மறுபடி வாங்கி நிழல்ல காயவச்சேன். தட்டிப் பாத்தா எங்கப்பன் அடிச்ச அதே சத்தம். ஆம்பளன்னும் பாக்காம அழுதுட்டேன்.

கும்பிட்டன்னைக்கு உச்சி வெயில்ல கோயில் முன்னாடி அம்புட்டு சனம். அண்ணன் அவன் கொட்டப் புளி போட்டு வெளக்கி, தோலு மாத்தி, பளபளன்னு கொண்டாந்து வச்சான்.

"கட்டுடா. என்னுது மேல, ஒன்னுது கீழ. ஒன் எடம் எதுன்னு ஊரு பாக்கட்டும்"னு சொல்லிச் சிரிச்சான்.

வெண்கலம் மேல இருக்கிறது வழக்கந்தான். இல்லைங்கல. ஆனா அந்தச் சிரிப்பு எங்கப்பன் காலத்துல இல்லையே! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"மரம் மேல இருந்தா அடிக்கிறேன். இல்லாட்டி நடையக் கட்டுறேன்"னேன்.

பங்காளிக கெஞ்சுனாங்க. கோடாங்கி "மாப்ள, சாமிக்காகடா"ன்னு தாடையப் புடிச்சாரு. சீனியம்மாள் தலையில அடிச்சுக்கிட்டா. நான் அசையல, அவனும் அசையல. பொங்கப்பானை ஒலை கொதிச்சு வத்திப்போச்சு.

திருமங்கலத்துலருந்து வந்திருந்த மைக்செட்டு சங்கிலி மெதுவா, "அண்ணே, எங்கிட்ட பம்பை கேசட்டு ஒண்ணு கெடக்கு. போடவா?"ன்னான்.

"போடுறா. கேசட்டுக்குச் சாமி வந்தா நான் மொட்ட போட்டுக்கிறேன்"னேன். அண்ணனும் கெக்கெக்கேன்னு சிரிச்சான். ரெண்டு பேரும் சேந்து சிரிச்சது அன்னைக்குத்தான்.

மைக்செட்டுக் கொழாயி அலறுச்சு. கோடாங்கிக்கு மொதல்ல கையி நடுங்குச்சு, அப்பறம் ஒடம்பு பூராம் ஒதறுச்சு. பொம்பளைக கொலவ போட்டாங்க. நான் என் கொட்ட ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

கோடாங்கி ஆடிக்கிட்டே எங்க முன்னாடி வந்து நின்னாரு. எனக்கொரு விபூதி, அண்ணனுக்கொரு விபூதி பூசி விட்டாரு. பெறகு சனத்தப் பாத்துத் திரும்பி, "எனக்கு இந்தச் சத்தமே போதும்டா. இனி வருசா வருசம் இதையே போடுங்க"ன்னு வாக்குச் சொன்னாரு.

சாமி சொல்லிருச்சு. எவன் மறுத்துப் பேச முடியும்?