கார் கதவுக்குப் போன ஊஃபர்கள்

"பகல் பூரா பேச ஆளே இல்லீங்க. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு" என்றாள் அவள், கல்யாணமான புதிதில்.

"இவ்வளவுதானா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் அவன்.

மறுநாளே இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் அவன் முகத்தில் வழிந்த பூரிப்பைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். பொண்டாட்டியைச் சந்தோஷப்படுத்தும் வழி இதுதான் என்று அன்றைக்கு முடிவு கட்டியவன், பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே என்ன நின்றுபோனாலும் ஓடிப்போய் ஓட வைத்துவிட்டு வருகிறவன். வீட்டிலும் அப்படித்தான். மனசு பாரமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது புது மெத்தை வந்தது. மூச்சு முட்டுகிறது என்றபோது சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறியை மாட்டினான். எதிரே உட்கார்ந்து, "ஏன், என்ன ஆச்சு?" என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளாகப் பேச ஆரம்பித்தாலும், பாதியில் அவன் கண் ஏதாவதொரு தளர்ந்த ஸ்க்ரூவின் மேல் போய் நின்றுவிடும்.

ஒருமுறை அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். குடிக்கிறாரா, கை நீட்டுகிறாரா, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று அக்கா வரிசையாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்ட வேண்டியிருந்தது. "அப்புறம் என்னடி? தங்கமான மனுஷன். உனக்குக் கொழுப்பு" என்று அக்கா காபியைக் கையில் கொடுத்துப் பேச்சை முடித்துவிட்டாள். ஊரே அதைத்தான் சொல்லும். அது தெரிந்ததால்தான், அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்று வெகுநாளாக அவள் தொண்டையிலேயே கிடந்தது. அது வெளியே வரப்போகும் நேரமாகப் பார்த்து அவன் கையில் ஒரு பையோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள், பெட்டிகள் இரண்டும் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். அடிச்சத்தம் தரும் ஊஃபர்களைக் கழற்றிப் பழைய துண்டின் மேல் வைத்திருந்தான். பகலெல்லாம் அவளோடு கூட இருந்தவை அவைதான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உனக்காகத்தான்" என்றான். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கற. கார்ல நல்ல சத்தம் இருந்தா வெளிய வருவ இல்ல?"

ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். வீட்டு ஊஃபர் பெட்டிக்குள் அடைபட்டிருந்தால்தான் அடித்துப் பேசும், நாலு பக்கமும் ஓட்டையாக இருக்கிற கார் கதவில் வைத்தால் முனகக்கூடச் செய்யாது என்று சொல்லிப் பார்த்தான். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவனும் குனிந்தான். கதவின் உள்பலகையைக் கழற்றியதில் கிளிப்புகள் பாதி உடைந்தன. பிளைவுட்டில் வளையம் அறுத்து, தகரத்தில் துளையை அகலப்படுத்தி, மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் இழுத்தது.

மாட்டி முடித்துக் கண்ணாடியை இறக்கினால், பாதியில் 'டக்' என்று நின்றது. கண்ணாடி ஏறியிருக்கும்போதே அண்ணன்காரன் அளவெடுத்திருக்கிறான். இறங்குகிற வழியில் ஊஃபரின் காந்தம் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, இனிமே உங்களுக்கு அரைக் காத்துதான்" என்றான் கொழுந்தன்.

"ஏசி போட்டுக்கலாம்டா" என்றான் அவன், கொஞ்சமும் அசராமல்.

பாட்டு போட்டார்கள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கதவுதான் அதிர்ந்தது. பாட்டின் அடிச்சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அதற்கும் அவன் சளைக்கவில்லை. ஓட்டைகளையெல்லாம் அடைத்து, உள்ளே ஷீட் ஒட்டினால் கும்மென்று வரும் என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தான். "ஏறு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கார் தெருவைத் தாண்டியது. அடுத்த வாரம் ஷீட், அதற்கடுத்த வாரம் ஆம்ப்ளிஃபயர் என்று அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான். அந்தக் குரலில் துளி வஞ்சகம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷன் இன்னும் முப்பது வருஷம் இப்படியே தன்னைச் சந்தோஷப்படுத்திக்கொண்டே இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

பிரதான சாலை வந்ததும் வண்டியை மெதுவாக்கினான்.

"எங்க போகலாம்? நீயே சொல்லு."

"அக்கா வீட்டுக்கு."

"போலாமே" என்றான் உற்சாகமாக. "சகலைகிட்டயும் போட்டுக் காட்டலாம். மனுஷன் அசந்துடுவாரு."

அவள் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். சத்தம் பிடிக்கவில்லை போலும் என்று அவன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், எதிரே ஓடிய சாலையைப் பார்த்தபடி சொன்னாள்:

"என்னை அங்க இறக்கி விட்டுடுங்க. திரும்பக் கூட்டிட்டுப் போக வராதீங்க."