பெயர் இருக்கவேண்டிய இடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணம் தேடவேண்டாம். கொழும்பு கொட்டாஞ்சேனை கிளெமென்ற் ட்ரம்பெட் ஊதுகிறவன். மாதா கோயில் பாண்டில் பழகி, ஜாஸுக்குப் போய், இப்போது கணினியோடு இணைத்த ஒரு பெட்டியைக் காலால் மிதிக்கிறான். அது அவன் ஊதியதையே திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் மறுபடி ஊதுகிறான். அவனுக்கு பேர்லினிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. எனக்கு, அனுப்பிய கதைகள் திரும்பி வந்திருக்கின்றன.

(இது காதல் என்று நினைக்கிற வாசகர் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

2

முதல் தொடக்கம்: "2007இல் ஒரு மாலை, சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கிளெமென்றின் பையைத் திறந்தான். உள்ளே வயர்கள். துவக்கை நீட்டி"

வேண்டாம். அடுத்து கிளெமென்ற் ஊதிக் காட்டுவான், ஆமிக்காரன் கண்கலங்குவான். சினிமா. உண்மையில் அவன் "பேண்ட் எகக்த?", பாண்டா என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னான். கிளெமென்ற் என்பது சிங்களம், தமிழ் எந்தப் பக்கமும் செல்லும் பெயர். என் பெயர் அப்படியல்ல. துருவித் துருவிக் கேட்டது, அதே பஸ்ஸில் வந்த என்னைத்தான்.

3

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டத்தை வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை டியூட்டரியில் படிப்பிக்கிறேன். வெள்ளவத்தை லொட்ஜுக்குத் திரும்பும் பஸ்ஸில், சாவடி வருமுன் சிங்களத்தை வாய்க்குள் பாடமாக்குவேன். மகே நம இன்னது. வெள்ளவத்தே இன்னே. வெட இவராய், கெதர யனவா. என் பெயர், என் இடம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன். அவ்வளவும் பயம். பக்கத்து சீற்றில், ஹோட்டலில் ஊதப்போகும் கிளெமென்ற். சட்டைப் பையில் றெக்கோடர். நகரத்துச் சத்தமெல்லாம் பொறுக்குகிறவன்.

போன மாதம் தோழி ரபீக்கா என்னை அவனுடைய கச்சேரிக்கு இழுத்துப்போனாள். ஸ்பீக்கரிலிருந்து என் முணுமுணுப்பு வந்தது. பெயரோடு. திரும்பத் திரும்ப. சனம் மூச்சடக்கிக் கேட்டது.*

"அடியே, இது ஒன்ட கொரல் தானே? நீ ஸ்டாராகிட்டாய்!" என்றாள் ரபீக்கா.

திருடினான் என்பது மட்டுமென்றால் ஏசிவிட்டு விட்டிருப்பேன். என் பயத்தை எனக்கு முதல் அவன் கேட்டுவிட்டான். தினமும் அதை வாயில் வைத்திருந்த எனக்கு அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

* அவன் ஊதியது எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். என் கதையில் அவனுக்கு ஓசை கிடையாது.

4

லொட்ஜ் வாசலுக்கு வந்தான்.

"களவெடுத்தனீர்," என்றேன்.

"ஓம், பிழைதான். கேட்டிருக்கவேணும். அதுதான் இப்ப கேக்கிறன். பேர்லினுக்குக் கொண்டுபோகவோ? வேண்டாம் எண்டால் அழிச்சுப்போடுவன்."

"என்ர பேரும் இடமும் ஊரெல்லாம் போய், நாளைக்கு ஆரும் வந்து கதவைத் தட்டினால்? நீரோ வந்து ஊதுவீர்?"

"பேரை வெட்டிப்போட்டன். கேளும்."

ஹெட்போனைத் தந்தான். மகே நம. பிறகு என் பெயர் இல்லை.

"உது இன்னும் மோசம். இப்ப அது ஆரோ ஒருத்தியின்ர குரல். முழுக்க உம்மட பாட்டு."

"இருந்தால் பயம் எண்டுறீர், இல்லாட்டி கோவம். நான் என்னதான் செய்ய, டீச்சர்?"

"டீச்சர் கீச்சர் எண்டால் வாயைக் கிழிச்சுப்போடுவன். பிறகு ஊதும் பாப்பம்."

சிரித்தான். வெள்ளிக்கிழமை வருவதாகவும் அன்று பதில் வேண்டும் என்றும் சொன்னான்.

5

முடிவு அ: மறுக்கிறேன். காரணம் பாதுகாப்பு. இந்த வருடத்தில் அதை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். என் பொறாமைக்கு யுத்தம் நல்ல சட்டை தைத்துத் தந்திருக்கிறது.

முடிவு ஆ: அவனுடைய உதடு வெடிக்கிறது. இனி ஊதமுடியாது. (எழுதினேன். சந்தோஷமாக இருந்தது. வெட்டிவிட்டேன்.)

முடிவு இ: பெயரோடு போகட்டும் என்கிறேன். பேர்லினில் கைதட்டல். பிறகு ஒருநாள் லொட்ஜ் கதவில்

6

சரி, அடிக்குறிப்பை மீறுகிறேன். பெயரை வெட்டிய இடத்தை அவன் ஊதி நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். குழலுக்குள் காற்றை மட்டும் விட்டான், சுரமில்லாமல். ஒருத்தி சொல்ல வாயெடுத்து நிறுத்தியது போல. நான் எழுதியிருக்கவேண்டிய இடம் அது.

இன்று வெள்ளிக்கிழமை. கீழே மணியடிக்கிறான். என்ன சொல்வேன் என்று இங்கே எழுதமாட்டேன். இந்தக் கதைக்கும் அதே கேள்விதான். அச்சில் வந்தால் பெயர் போடுவதா? மேலே போய்த் தலைப்பின் கீழே பாருங்கள். என் பெயர் இருந்தால், முழுதாகக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் வெட்டியதைக் கொண்டுபோனான், அல்லது ஒன்றையும் கொண்டுபோகவில்லை. எதென்று நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் அந்த இடத்தை வேறு பெயரால் நிரப்பவேண்டாம். அவனே நிரப்பவில்லை.

படியிறங்குகிறேன். வாய் தன்பாட்டில் பாடமாக்குகிறது. மகே நம